இடதுபக்கம் நின்றவர்களின் கேள்வி

"அருமையான மனுஷன்தான். ஆனா அவர் செஞ்சதை நற்கிரியைன்னு சொல்ல முடியாது." வேதபாட வகுப்பில் எங்கள் சபைப் பெரியவர் ஒருவர் சொன்ன இந்த வாக்கியம் வெகுநாளாக எனக்குள் அடங்காமல் கிடக்கிறது. அன்று எபேசியர் இரண்டாம் அதிகாரம் படித்துக்கொண்டிருந்தோம். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது கிரியைகளினால் உண்டானதல்ல என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று பவுல் எழுதும் இடம். நற்கிரியைக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்று பெரியவர் கேட்டார். அப்பாவின் மருத்துவமனை நாட்களில் பார்த்த ஒருவரைப் பற்றி நான் சொன்னேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. படுக்கைப்புண் வராமல் இருக்க இரவிலும் அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கனத்த உடம்பு, தனி ஆளால் ஆகாது. பக்கத்துக் கட்டிலில் தன் அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தவர் நான் கூப்பிடாமலேயே எழுந்து வருவார். "நீங்க தோளைப் பிடிங்க சார், இடுப்பை நான் பார்த்துக்கிறேன்" என்பார். அப்பாவின் துணி நனைந்திருந்தால் முகம் சுளிக்காமல் அதையும் மாற்றுவார். நான் ஜெபிப்பதைப் பார்த்துவிட்டு, தனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது என்று ஒருமுறை சொன்னார். வாதம் செய்கிற தொனி இல்லை, தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். அவருடைய அண்ணன் பிழைக்கவில்லை. அடக்கமெல்லாம் முடிந்தபிறகு அவர் மறுபடி வார்டுக்கு வந்தார். அண்ணனுக்காக வாங்கிய வாட்டர் பெட்டைக் கொண்டுவந்திருந்தார். அதை அப்பாவின் கட்டிலில் விரித்து, தண்ணீர் நிரப்பி, கசிகிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெரியவர் இதை உருக்கமாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் மேலே எழுதிய வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, ரோமர் 14:23-ஐ எடுத்தார்: "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே." பின்வரிசையில் இருந்த ஓர் இளம்பெண், "அப்போ அவர் செஞ்சது பாவமா ஐயா?" என்று கேட்டாள். கொஞ்சநேரம் யோசித்து, "தேவனுக்கு முன்னாடி பார்த்தா அப்படித்தான்மா சொல்லணும்" என்றார். வகுப்பு அத்தோடு முடிந்துவிட்டது. அவர் கல்நெஞ்சக்காரர் அல்லர். அப்பா வீடு திரும்பிய பிறகு வாராவாரம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சங்கீதம் வாசித்தவர் அவர்தான். அதனாலேயே அந்தப் பதிலை ஒரு கடுமையான மனிதரின் கடுமையான பேச்சு என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அவர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லவுமில்லை. சபை பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த ஒன்றைச் சொன்னார்.

மூன்று அடையாளங்கள்

சீர்திருத்த சபைகளின் போதனை நூலாக 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடையின் 91-ஆம் கேள்வி நேரடியாகவே கேட்கிறது: நற்கிரியைகள் எவை? மெய்யான விசுவாசத்திலிருந்து வருபவை, தேவனுடைய பிரமாணத்தின்படி செய்யப்படுபவை, அவருடைய மகிமைக்காகச் செய்யப்படுபவை. இவை மட்டுமே. நமக்கு நல்லதாகத் தோன்றுவதோ மனிதர் ஏற்படுத்திய கட்டளையோ கணக்கில் வராது. செயல் எங்கிருந்து புறப்படுகிறது, எந்த வழியில் போகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்ற மூன்றையும் அந்தப் பதில் கேட்கிறது. இதில் ஒன்று குறைந்தாலும் செயல் தேறாது. கத்தோலிக்கரான தாமஸ் அக்வினாஸ் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே வேறு சட்டகத்தில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: செய்யப்படும் காரியம், சூழ்நிலை, நோக்கம் எல்லாமே நன்றாக இருந்தால்தான் செயல் நல்லது, ஒரு பக்கம் பழுதானாலும் போதும், கெட்டுவிடும். வீண்புகழ்ச்சிக்காகப் போடும் பிச்சை அவர் காட்டும் உதாரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று அடையாளங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு காரியம் வெளிப்பார்வைக்கு நல்லதாக இருந்தால் போதும் என்று கிறிஸ்தவம் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போஸ்தலர் நான்காம் அதிகாரத்தின் கடைசியில் பர்னபா தன் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலருடைய பாதத்தில் வைக்கிறான். ஐந்தாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் அனனியாவும் நிலத்தை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து அதே பாதத்தில் வைக்கிறான். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே செயல். ஆனால் அனனியா ஒரு பங்கை ஒளித்துவைத்துவிட்டு, முழுவதையும் கொடுத்தவன்போல் நின்றான். நிலம் விற்கப்படுமுன் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். குறைத்துக் கொடுத்தது குற்றமல்ல. பர்னபாவுக்குக் கிடைத்த பெயர் தனக்கும் வேண்டும் என்று நினைத்து, அதற்காகப் பரிசுத்த ஆவியிடம் பொய் சொன்னதுதான் குற்றம்.

இரண்டாவது அடையாளமும் வெறும் சட்டப் பேச்சு அல்ல. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கொர்பான் விவகாரம் வருகிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் போகவேண்டியதை, இது தேவனுக்கென்று நேர்ந்த காணிக்கை என்று சொல்லி ஒருவன் நிறுத்திவிடலாம் என்ற பாரம்பரியம் இருந்தது. பக்தியின் பெயரால் பெற்றவரைக் கைவிடுதல். இயேசுவுக்கு அதன்மேல் வந்த கோபத்தைப் படிக்கும்போது, கடவுளுக்குச் செய்கிறேன் என்று சொன்னாலே ஒரு காரியம் நல்லதாகிவிடாது என்பது விளங்கும். கொர்பானை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எனக்கு அது தேவைப்பட்டது.

பெரியவர் எடுத்த ரோமர் பதினான்காம் அதிகாரத்தில் பவுல் பேசிக்கொண்டிருப்பது சாப்பாட்டைப் பற்றி. மனச்சாட்சியில் சந்தேகத்தோடு ஒருவன் புசித்தால் அவன் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டு வந்துதான் அந்த வாக்கியத்தில் முடிக்கிறார். அவிசுவாசிகளின் தர்மத்தைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. அதை அப்படி விரித்தவர்களில் முக்கியமானவர் ஆதிச்சபையின் ஆயரான அகஸ்டின். நற்குணத்தையும் துர்க்குணத்தையும் பிரிப்பது வெளியே தெரியும் கடமை அல்ல, அது எதை நாடிச் செய்யப்படுகிறது என்பதே என்று தன்னோடு தர்க்கித்த ஜூலியன் என்ற ஆயருக்கு எதிராக வாதாடும்போது எழுதினார். பழைய ரோமர்களைப் பற்றி அவர் சொன்னது இன்னும் நுட்பமானது. அவர்கள் புகழுக்காக ஆசைகளை அடக்கினார்கள், நாட்டுக்காக உயிரைக் கொடுத்தார்கள். அதற்குரிய பூமிக்குரிய கூலியைத் தேவன் கொடுத்தும்விட்டார் என்று சொல்லி, மலைப்பிரசங்கத்தின் அந்த வார்த்தையை அவர்கள்மேல் வைக்கிறார்: தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது. புகழைத் தேடினாய், கிடைத்தது. இனிக் கேட்க என்ன இருக்கிறது? இதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க முடியவில்லை. ஆனால் இரவில் எழுந்து வேறொருவரின் தகப்பனைப் புரட்டிப்போட்ட மனிதர் எந்தப் புகழைத் தேடினார்? அந்த வார்டில் விழித்திருந்தவன் நான் ஒருவன்தான்.

பெறுகிறவனுக்குத் தெரிவது

நற்கிரியையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் செய்கிறவரின் பக்கத்திலிருந்தே நடக்கிறது. அவருடைய இருதயம், அவருடைய விசுவாசம், அவருக்கு வரும் பலன். உதவியைப் பெறுகிறவர் அந்தப் பேச்சில் அநேகமாக இருப்பதே இல்லை. அப்பா படுத்திருந்த நாட்களில் நாங்கள் பெறுகிற பக்கத்தில் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் சில விஷயங்கள் உடனே தெரிந்துவிடுகின்றன.

அதே வார்டுக்கு ஓர் ஊழியக் குழு வந்தது. பாடினார்கள், ஜெபித்தார்கள், ஒரு கவரில் பணம் வைத்து அப்பாவின் நல்ல கையில் கொடுத்தார்கள். அந்தப் பணம் உண்மையிலேயே எங்களுக்கு உதவியது. மருந்து வாங்கினோம். அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் கவரைக் கொடுக்கும்போது படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அப்பாவின் வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துவிடுகிறேன் என்றேன். பரவாயில்லை பிரதர், இப்படியே இருக்கட்டும், பார்க்கிறவர்களுக்குப் பாரம் உண்டாகும் என்றார் ஒருவர். அப்பாவால் பேச முடியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோளில் கைவைத்து மெதுவாகத் திருப்பி, எடுத்துவிட்டார்கள். அந்தப் படம் பிறகு ஒரு வாட்ஸ்அப் குழுவில் எனக்கே வந்தது. கீழே "தேவ நாமம் மகிமைப்படுவதாக" என்று எழுதியிருந்தது.

வினாவிடையின் மூன்று அடையாளங்களையும் அந்தக் குழுவின் செயலோடு வைத்துப் பார்த்தேன். விசுவாசிகள்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. வியாதியஸ்தரை விசாரிப்பது கட்டளைதான். மகிமைக்காக என்று எழுதியே போட்டிருந்தார்கள். மூன்றும் தேறுகின்றன. வாட்டர் பெட் கொண்டுவந்தவரை வைத்துப் பார்த்தால் முதல் அடையாளத்திலேயே விழுந்துவிடுகிறார், மூன்றாவதிலும் விழுந்துவிடுகிறார். அப்படியானால் அப்பா யாரிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார், யார் தூக்கும்போது உடம்பைத் தளர்த்திக் கொடுத்தார் என்பதற்கு இந்த அளவுகோலில் இடமே இல்லையா?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் மத்தேயு ஆறாம் அதிகாரம்: வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கட்டும், அதாவது படம் எடுத்ததுதான் தவறு, ரகசியமாகக் கொடுத்திருக்க வேண்டும். சரி, ஆனால் அது பாதிப் பதில்தான். அதே மலைப்பிரசங்கத்தில், ஓர் அதிகாரம் முன்னால், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று அதே ஆண்டவர் சொல்லியிருக்கிறார். பர்னபா எல்லார் முன்னிலையிலும்தான் கொடுத்தான், அவன் பெயரையும் ஊரையும் லூக்கா எழுதியே வைத்திருக்கிறார். பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றிய பெண் ரகசியமாகச் செய்யவில்லை. பந்தியில் இருந்தவர்கள் முறுமுறுத்தபோது, என்னிடத்தில் நற்கிரியையைச் செய்திருக்கிறாள் என்று இயேசு அவள் பக்கம் நின்றார். சுவிசேஷம் எங்கும் சொல்லப்படுகிறபோது அவள் செய்ததும் சொல்லப்படும் என்றார். ஆகவே மறைவு மட்டுமே நன்மையின் அடையாளம் என்று சொல்ல முடியாது. படத்தில் இருந்த கோளாறு இன்னும் ஆழமானது என்று தோன்றியது. அது என்ன என்று நெடுநாள் சொல்லத் தெரியவில்லை.

எப்பொழுது கண்டோம்?

மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்புக் காட்சியை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். வலதுபக்கம் நிற்பவர்கள், ஆண்டவரே, உம்மை எப்பொழுது பசியுள்ளவராகக் கண்டோம் என்று கேட்பதைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அவர்களுடைய தாழ்மை, தாங்கள் செய்ததை மறந்துபோன மனசு. அப்பாவுக்காக அந்த அதிகாரத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, இடதுபக்கம் நிற்பவர்களின் கேள்வியில் நான் நின்றுவிட்டேன். வியாதியுள்ளவராகவும் காவலில் அடைக்கப்பட்டவராகவும் நாங்கள் உம்மை எப்பொழுது கண்டு, உமக்கு உதவிசெய்யாதிருந்தோம்?

இது மழுப்பல் கேள்வி அல்ல. உண்மையாகவே கேட்கிறார்கள். நீர் என்று தெரிந்திருந்தால் செய்யாமல் விட்டிருப்போமா? இதுதான் அவர்களுடைய நியாயம். அந்த நியாயத்தில் பொய் இல்லை என்றே நினைக்கிறேன். ராஜா படுத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஓடி வந்திருப்பார்கள். ராஜாவின் மகிமைக்காக எதையும் செய்திருப்பார்கள். அவர்களிடம் இல்லாதது ராஜாவைப் பற்றிய அக்கறை அல்ல, ராஜாவாக இல்லாத ஒருவனைப் பற்றிய அக்கறை. கட்டிலில் கிடப்பவன் கட்டிலில் கிடக்கிறான் என்பது அவர்களுக்குப் போதுமான காரணமாக இல்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் திரும்பியது. தேவனுடைய மகிமைக்காக என்பதை, எதிரே இருக்கும் ஆளைத் தாண்டித் தேவனைப் பார்ப்பது என்று நாம் எடுத்துக்கொண்டோமானால், இடதுபக்கம் நின்றவர்களின் கேள்வியைத்தான் நாமும் கேட்கப்போகிறோம். ராஜா தம்மைக் கட்டிலில் கிடப்பவனுக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளவில்லை, அவனோடேயே சேர்த்துக்கொண்டார். மிகவும் சிறியவராகிய என் சகோதரரான இவர்களில் ஒருவனுக்கு எதைச் செய்தீர்களோ அதை எனக்கே செய்தீர்கள் என்கிறார். அவனைச் சாக்காக வைத்து எனக்குச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. இந்த "சகோதரர்" என்பது சீஷர்களைத்தான் குறிக்கும், ஏழைகள் எல்லாரையும் அல்ல என்று சொல்லும் விளக்கக்காரர்கள் உண்டு. இருக்கட்டும். அப்படி வைத்துக்கொண்டாலும் இருபக்கத்தாருக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மாறுவதில்லை. கொர்பானும் இதுவே. தேவனுக்கு என்று சொல்லிப் பெற்றவரைத் தாண்டிப் போவது. அப்பாவின் படத்தில் இருந்த கோளாறும் இதுவே. அவருடைய கோணிய வாய் வேறொரு காரியத்துக்குத் தேவைப்பட்டது. அவர் ஏணியானார்.

இங்கே வந்தபிறகுதான், விசுவாசம் எதற்கு முதல் அடையாளமாக நிற்கிறது என்பதும் எனக்கு வேறுவிதமாக விளங்கியது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் 1520-இல் நற்கிரியைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விசுவாசமே முதல் நற்கிரியை, மேலான நற்கிரியை என்று அதில் தொடங்குகிறார். தேவன் தன்மேல் பிரியமாயிருக்கிறார் என்ற நிச்சயம் இருதயத்தில் இருந்தால், கீழே கிடக்கும் ஒரு வைக்கோலை எடுத்துப்போடுவதுகூட நல்ல செயல் என்கிறார். அந்த நிச்சயம் இல்லாவிட்டால் பெரிய காரியமும் நல்லதாகாது. கேட்பதற்கு இது விசித்திரம்போல இருக்கும். ஆனால் அதே ஆண்டில் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி அவர் எழுதிய இன்னொரு நூலோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. தன் செயலால் தேவனிடம் எதையும் சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லாதவன்தான் அயலானுக்காகவே ஒன்றைச் செய்ய முடியும். என் இரட்சிப்புக்கு இந்தச் செயல் தேவைப்பட்டால், நான் தூக்கிவிடும் ஒவ்வொரு மனிதனும் என் கணக்கில் ஒரு வரவு. கணக்கு ஏற்கெனவே சிலுவையில் தீர்ந்துபோயிற்று என்று நம்புகிறவனுக்கு அந்த மனிதன் வரவு அல்ல, வெறும் மனிதன். ஹைடல்பர்க் வினாவிடை நற்கிரியைகளை மீட்பைப் பற்றிய பகுதியில் வைக்காமல், அதற்கு அடுத்து வரும் நன்றியறிதலைப் பற்றிய மூன்றாம் பகுதியில் வைத்திருப்பதும் இதனால்தான். விசுவாசம் செயலின்மேல் குத்தப்படும் முத்திரை என்றே நான் அதுவரை கேட்டுவந்திருந்தேன். அது செய்கிறவனை அவனுடைய சொந்தத் தேவையிலிருந்து விடுவிக்கிறது, அப்புறம்தான் அவன் கைகள் பிறருக்குக் கிடைக்கின்றன.

ஆகவே பெரியவர் சொன்ன உபதேசம் எனக்கு முன்பைவிட இப்போது அதிகம் பிடிக்கிறது. ஆனால் அதை அந்த மனிதரின்மேல் வைத்து அவர் கொடுத்த தீர்ப்பு மட்டும் இன்னும் தொண்டையில் இறங்கவில்லை.

கொர்நேலியுவின் தருமங்கள்

இந்த விஷயத்தில் சபைகள் பேசியிருக்கும் பேச்சு கடுமையானது. ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது கட்டளைகளில் பதின்மூன்றாவது, கிறிஸ்துவின் கிருபைக்கு முன் செய்யப்படும் கிரியைகளுக்குப் பாவத்தின் தன்மை உண்டு என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை என்கிறது. அதற்கு முன்பே, 1547-இல், கத்தோலிக்க சபையின் திரெந்து சங்கம் நேர் எதிராகச் சொல்லிவிட்டது: நீதிமானாக்கப்படுவதற்குமுன் செய்யும் செயல்கள் எல்லாம் மெய்யாகவே பாவங்கள் என்று யாராவது சொன்னால் அவன் சபிக்கப்பட்டவன். 1567-இல் போப் ஐந்தாம் பயஸ், அவிசுவாசிகளின் எல்லாச் செயல்களும் பாவங்கள் என்ற வாசகத்தையே கண்டித்தார். அதைச் சொன்ன மைக்கேல் பையஸ் கத்தோலிக்கர்தான், அகஸ்டினை ஊன்றிப் படித்தவர். 1640-களில் இங்கிலாந்தில் கூடிய வெஸ்ட்மின்ஸ்டர் சபையாரின் விசுவாச அறிக்கை பிராட்டஸ்டன்ட் நிலையைத் திரும்பச் சொல்லி, கூடவே இரண்டு காரியங்களைச் சேர்த்தது. அப்படிப்பட்டவர்களின் செயல்கள் தேவன் கட்டளையிட்டவையாகவும் அவர்களுக்கும் பிறருக்கும் பயனுள்ளவையாகவும் இருக்கலாம். அவற்றைச் செய்யாமல் விடுவது, செய்வதைவிட அதிகப் பாவமானது. பதினாறாம் அதிகாரத்தின் கடைசிப் பத்தி அது. பாவம் என்று சொல்லிவிட்டு, விட்டுவிடுவது அதைவிடப் பாவம் என்று சொல்ல வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு வந்தது என்பதே எனக்குப் பெரிய சாட்சி. கண்ணால் பார்த்த நன்மையை அவர்களாலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எனக்கு இந்தச் சண்டையில் வழி காட்டியது அப்போஸ்தலர் பத்தாம் அதிகாரம். கொர்நேலியு செசரியாவில் இருந்த நூற்றுக்கு அதிபதி. தேவபக்தியுள்ளவன்தான், ஜெபிக்கிறவன்தான், அந்த வகையில் எங்கள் வார்டு மனிதரைப்போல் அல்ல. ஆனால் கிறிஸ்துவைப் பற்றி அவன் விசுவாசித்ததாக அந்த நேரம்வரை எதுவும் இல்லை, ஞானஸ்நானம் இல்லை, பேதுரு இன்னும் யோப்பாவைவிட்டுப் புறப்படவில்லை. தூதன் வந்து சொல்வது: உன் ஜெபங்களும் உன் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக அவர் சந்நிதியில் வந்தெட்டியிருக்கிறது. பாவங்கள் சந்நிதியில் நினைப்பூட்டுதலாக எட்டியிருக்கின்றன என்று இதை வாசிக்க எனக்குத் தெரியவில்லை. தேவன் அந்தத் தருமங்களைப் பார்த்தார், பிரியத்தோடு பார்த்தார்.

ஆனால் தூதன் அத்தோடு போய்விடவில்லை. யோப்பாவுக்கு ஆள் அனுப்பிப் பேதுருவை அழைப்பி என்கிறான். நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவதற்கு ஏதுவான வார்த்தைகளை அவன் சொல்வான் என்று பதினொன்றாம் அதிகாரத்தில் அந்தச் செய்தி முழுதாக வருகிறது. தருமங்கள் மெய்யாகவே நல்லவை. அந்தத் தருமங்களால் அவன் இரட்சிக்கப்படவில்லை. இரண்டையும் லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்தச் சங்கடமும் இல்லாமல் கதையைத் தொடர்கிறார். நமக்குத்தான் சங்கடம். ஒருவரின் செயலை நல்லது என்று ஒப்புக்கொண்டால் அவர் இரட்சிக்கப்பட்டுவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமோ, கிறிஸ்து தேவையில்லை என்று சொன்னதாகிவிடுமோ என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்தில், நல்லதை நல்லது என்று சொல்ல வாய் வராமல் பாவம் என்கிறோம். செயல் நல்லதா என்பது ஒரு கேள்வி, மனிதன் எதனால் இரட்சிக்கப்படுகிறான் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவதற்குக் கிருபை என்ற பதிலை முழுமனதோடு சொல்கிறவன், முதலாவதற்குக் கண்ணால் பார்த்ததைச் சொல்லப் பயப்பட வேண்டியதில்லை.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். கொர்நேலியு தேவனுக்குப் பயந்தவன், உங்கள் மனிதர் அப்படி இல்லையே தம்பி என்றார். நியாயமான மறுப்பு. நியாயப்பிரமாணமில்லாத புறஜாதிகள் சுபாவமாய் அதன்படி செய்கிறபோது, அது தங்கள் இருதயங்களில் எழுதியிருப்பதைக் காட்டுகிறார்கள் என்ற ரோமர் இரண்டாம் அதிகாரத்தை நான் எடுத்தேன். எழுதினவர் யார் ஐயா என்று கேட்டேன். எழுதப்பட்டது நல்லதுதான், வாசிக்கிறவன் எழுதினவரை ஒப்புக்கொள்ளவில்லை என்றால் என்ன என்று அவர் திருப்பிக் கேட்டார். இந்த இடத்தைத் தாண்டி எங்களால் சேர்ந்து போக முடியவில்லை. அவருக்கு அந்த நன்றியின்மை பெரிதாகத் தெரிகிறது. எனக்கு, ஒப்புக்கொள்ளப்படாமலேயே ஒரு மனிதனின் கையைக் கொண்டு என் அப்பாவைத் தாங்கிய தேவனின் பொறுமை பெரிதாகத் தெரிகிறது.

நோக்கத்தைத் தோண்டுவது

இன்னொரு ஆபத்து இருக்கிறது. மூன்று அடையாளங்களை மனசில் வைத்துக்கொண்டு ஒருவன் தன்னையே தோண்ட ஆரம்பித்தால் அதற்கு முடிவு கிடையாது. இதை நான் யாருக்காகச் செய்கிறேன், உள்ளுக்குள் எங்கேயோ பாராட்டை எதிர்பார்க்கவில்லையா, எதிர்பார்க்கவில்லை என்று நினைப்பதில் ஒரு பெருமை இல்லையா? அந்த இளம்பெண் பிறகு ஒருநாள் என்னிடம் இதைத்தான் கேட்டாள். முதியோர் இல்லத்துக்குப் போய்க்கொண்டிருந்தாளாம், தன்னுடைய நோக்கம் சுத்தமாக இல்லை என்று தோன்றியதால் நிறுத்திவிட்டாளாம். வினாவிடையின் 62-ஆம் கேள்வியே, நம்முடைய மிகச் சிறந்த செயல்களும் இந்த வாழ்க்கையில் குறைவுள்ளவை, பாவத்தால் கறைபட்டவை என்று ஒத்துக்கொள்கிறது. அழுக்கான கந்தை என்று ஏசாயா சொன்னதும் அவிசுவாசிகளின் நீதியை அல்ல, "எங்களுடைய நீதிகளெல்லாம்" என்றுதான். அப்படியென்றால் சுத்தமான நோக்கம் வரும்வரை காத்திருப்பவர் கடைசிவரை காத்திருப்பார். அதற்குள் அந்த இல்லத்தில் இருப்பவர்களின் பொழுது போய்விடும்.

பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது, சிலர் பொறாமையினாலும் விரோதத்தினாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறார்கள், தன் கட்டுகளோடு உபத்திரவத்தையும் கூட்ட நினைக்கிறார்கள் என்கிறார். இதைவிடக் கெட்ட நோக்கம் வேண்டுமா? ஆனால் அவர் அடுத்துச் சொல்வது "இதனாலென்ன?" வஞ்சகத்தினாலாவது உண்மையினாலாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன். அவர்களுடைய நோக்கத்தை அவர் நல்லது என்று சொல்லவில்லை, அவர்கள் எதை இழக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று கொரிந்தியருக்கு எழுதியவரும் அவர்தான். அங்கே "எனக்கு" என்கிறார். அன்னதானம் பெற்றவனுக்குப் பிரயோஜனம் இல்லை என்று சொல்லவில்லை. அவன் வயிறு நிறைந்துதான் இருக்கும். எங்களுக்கு அந்தக் கவரில் வந்த மருந்து வேலை செய்தது, படம் எடுத்தவர்கள் எதை இழந்தார்களோ தெரியாது.

அதனால் அவளிடம், போம்மா, போய்க்கொண்டே இரு என்றேன். உன் நோக்கம் கலப்படம் என்பது உண்மையாக இருக்கலாம். அதைத் தேவனிடம் சொல்லிக்கொண்டே போ. அங்கே போனபிறகு உன் நோக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதே, அங்கே இருக்கிற அம்மாவைப் பார், அவருக்குக் கால் வலிக்கிறதா, காது கேட்கிறதா என்று பார் என்றேன். வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையில், அவிசுவாசிகளைப் பற்றிய அந்தக் கடுமையான பத்திக்கு நேர்மேலே இருக்கும் பத்தியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். விசுவாசிகளின் செயல்கள் இந்த வாழ்க்கையில் குற்றமில்லாதவை என்பதால் அல்ல, தேவன் தம் குமாரனுக்குள் அவற்றைப் பார்த்து, பல பலவீனங்களும் குறைகளும் கூடவே வந்தாலும் உண்மையுள்ளதை ஏற்றுக்கொள்ளப் பிரியப்படுகிறார் என்று இருக்கிறது. அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த பத்தியையும் வாசித்துவிட்டு, "இவ்வளவு ஓட்டையோட நம்மளோடதை ஏத்துக்கிறவர், உங்க அப்பாவைத் தூக்கினவரோடதைப் பார்க்கவே மாட்டாரா அண்ணே?" என்று கேட்டாள். பார்ப்பார் என்றுதான் நான் நம்புகிறேன் என்று சொன்னேன், கொர்நேலியுவின் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் இல்லத்துக்கு மறுபடி போகிறாள்.